மேலே கடவுள் பெயர், கீழே உங்கள் கதை

என் ஆசை சாரா அக்காவுக்கு,

உங்களைக் கொச்சியில் அடக்கம் பண்ணி, துக்கம் முடித்து, உங்கள் வீட்டுக்கார அண்ணன் நேற்றுதான் அனுப்பர்பாளையம் திரும்பினார். நீங்கள் எழுதி வைத்திருந்த கதைத்தாள்களைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அதையும் அவகூடவே மண்ணுல வச்சுட்டேன் கண்ணு. ஒவ்வொரு தாள்லயும் மேல சாமி பேரு இருந்துச்சு. எங்க யூத வழக்கத்துல அதைக் கிழிக்கவோ எரிக்கவோ கூடாது, புதைக்கத்தான் வேணும்."

"அய்யோ, அது ஜெபமில்லீங்ணா! அக்கா எழுதுன கதைங்க!"

அண்ணன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பாவம், இத்தனை வருஷம் இங்கே சாயப்பட்டறையில் வேலை பார்த்தும் அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எபிரேயத்தில் நீங்கள் உச்சியில் போடும் கடவுள் பெயர் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. உங்கள் பெயரையும் அதே எழுத்தில் கீழே போட்டிருக்கக் கூடாதா அக்கா?

உங்கள் அம்மா கட்டிய பாட்டைக் கொச்சியில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பாடுவார்களாமே. "யாரு கட்டுனதுன்னு ஒருத்தரும் கேக்கல மயிலா. பாடுனவங்களும் இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க. என் கதையாவது என் பேரோட அச்சுல வரணும்" என்றீர்கள். இங்கத்திய பத்திரிகைக்கு அனுப்பத்தானே மெனக்கெட்டுத் தமிழ் எழுத்துப் பழகினீர்கள்?

சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள், பேனாவைத் தொடமாட்டீர்கள். கதையோ அன்றைக்கென்று பார்த்துத்தான் ஊறும். பக்கத்து வீட்டுக்காரியான நான் மத்தியானம் சோற்றுக்கு வரும்போது சொல்லிவிடுவீர்கள். பனியன் கம்பெனியில் தைத்தபடியே அதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். எவளாவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவேன். பொழுது சாய்ந்து வானத்தில் மூன்று வெள்ளி தெரிந்து ஓய்வு நாள் முடிந்ததும் நான் திருப்பிச் சொல்ல, நீங்கள் எழுதுவீர்கள்.

"ஒரு வார்த்தை கூட்டிட்டியே, கள்ளி" என்று கன்னத்தைக் கிள்ளுவீர்கள்.

மற்ற நாட்களில் நீங்களே எழுதியவை போனது போனதுதான். ஆனால் சனிக்கிழமைக் கதைகளை எந்த மண் மூடும்? அவை என் மனசில் அப்படியே இருக்கின்றன என்று அண்ணனிடம் சொன்னேன்.

இன்றும் சனிக்கிழமைதான் அக்கா. வெள்ளி தெரிந்ததும் அண்ணன் தாளோடு என் வாசலுக்கு வந்தார். முதல் தாளின் உச்சியில் கடவுள் பெயரைப் போட்டு என்னிடம் நீட்டினார். அதற்குக் கீழே 'சாரா' என்று நான் எழுதினேன்.

அந்தப் பெயர் அச்சில் வரும்வரை ஓயமாட்டேன். சத்தியமாக, ஒரு வார்த்தையும் கூட்டமாட்டேன்.

உங்கள் கதையைச் சுமக்கும் தங்கச்சி,
மயிலாத்தா