பாலம் கட்டுகிறவள் மொழி படிக்கப் போகிறாள்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். அப்பா இப்போது கைத்தடி இல்லாமலே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறார், வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்கிறது. கீழ்வீட்டுத் தையற்காரம்மா உன்னை விசாரித்தாள். போன வருடம் நீ வகுப்பில் படித்த தொண்டை ஒலிகளையெல்லாம் ஸ்பீக்கர் போனில் எனக்குச் செய்து காட்டியது அவள் காதில் விழுந்திருக்கிறது, "பாப்பாவுக்குத் தொண்டை சரியாயிடுச்சா?" என்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல, சிரித்து வைத்தேன்.

மொழியியல் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் அந்த மூச்சிலேயே, முதல் வருடம் இளங்கலை படிக்கிற சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அடிப்படைப் பாடம் படிக்கச் சொல்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் யோசித்துப் பார். நீ பாலம் கட்டுகிற இன்ஜினியர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது லீவு போட்டு ஓடி வந்தாய். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு வார்த்தையை அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தோம், அவர் எரிச்சலில் தட்டைத் தள்ளிவிட்டார். நீ மட்டும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், உன் பெயருக்கே இழுக்கு! பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அப்பாவுக்குப் பொருளோட பேருதான் வரல. கத்தரிக்கோலைக் காட்டினா 'வெட்டு'ங்கறார், சாவியைக் காட்டினா 'தொற'ங்கறார்" என்றாய். அன்றிலிருந்து நாங்கள் "என்ன வேணும்" என்பதை விட்டு "என்ன செய்யணும்" என்று கேட்கத் தொடங்கினோம், வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்தது. எங்களுக்கு அது போதும். ஏன் அப்படி ஆகிறது என்று தெரியாமல் உனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அதைப் படிக்க நீ முதல் தடவை விண்ணப்பித்த இடத்திலெல்லாம் கைவிரித்தார்கள். நீ மூலையில் முடங்கவில்லை, பகலில் வேலை, சாயங்காலம் மொழியியல் வகுப்பு, மறுபடியும் விண்ணப்பம். நேர்முகத்தில் பேராசிரியை, பாலத்துக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று மடக்கினாராமே. "விரிசல் எங்க விடுதுன்னு பார்த்தாத்தான் பாரம் எந்த வழியாப் போகுதுன்னு தெரியும், பேச்சும் அப்படித்தான்" என்று நீ சொன்ன பதிலை மளிகைக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் மரியாதையாகத் தலையாட்டினார்.

நேற்றுச் சித்தப்பா வந்தார். "நல்ல வேலையை விட்டுட்டு இந்த வயசுல அரிச்சுவடியிலேருந்து ஆரம்பிக்கணுமா?" என்று சற்று இளக்காரமாகவே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார், நான் எடுத்துக்கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "எல்லாரும்... சொன்னாங்க. அவ... கேட்டா" என்றார். நோய் வந்த பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்கு மேல் நான் சொல்ல என்னடி இருக்கிறது? போய் அந்தப் பிள்ளைகளோடு முன் வரிசையிலேயே உட்கார். வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்பு, மறந்துவிடாதே. எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன்னோடு.

உன்னை நினைத்துப் பூரிக்கும்,
அம்மா