தோற்றவர்களுக்கும் இன்னோர் ஆட்டம்

என் பத்மாக்கா,

நீ கண்ணை மூடிப் பதினொரு மாதம் ஆகிறது. இந்த வருடப் போட்டி நேற்றுதான் முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மனசு என்னவோ அந்த முதல் வருடத்துக்கே ஓடுகிறது.

ஆவடியில் சிறுவர்களுக்கு மாநில அளவில் பேஸ்பால் போட்டி நடத்துவோம் என்று வீராப்பாகப் பேசினோமே தவிர, செயலாளர் வேலை என்றதும் ஆளாளுக்கு நழுவினோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை முடித்து வந்த நீ, "குடு, நான் பாக்குறேன்" என்றாய். அதுவரை பேட்டைக்கூடத் தொட்டதில்லை நீ. ஊர் ஊராகக் கடிதம் போட்டாய். பையன்கள் தங்கப் பள்ளிக்கூட வகுப்பறைகளைக் கேட்டு வாங்கினாய். கிரிக்கெட் ஆடுகிறவர்களிடம் பேசி மைதானத்தை வாங்கியதும் நீதான். எங்கே கற்றாய் இதையெல்லாம்?

எட்டு அணிகள். தோற்றால் வெளியே என்று ஏழு ஆட்டங்களுக்கு நான் அட்டவணை போட்டிருந்தேன். நீ அதைப் பார்த்து முகம் சுளித்தாய்.

"திருநெல்வேலிலேர்ந்து ராத்திரி பூரா ரயில்ல வர்ற பசங்க, ஒரே மேட்ச் ஆடிட்டுக் கெளம்பணுமா? ரெண்டு வாட்டி தோத்தாதான் வெளிய. ஃபைனல்லயும் அதான் ரூலு."

"தோத்தவனுக்கு இன்னாத்துக்குக்கா இன்னொரு மேட்ச்?" என்று கத்தினேன். நீ அசையவில்லை. ஆட்டங்கள் இரண்டு மடங்காயின. மைதானத்தின் எதிரெதிர் மூலைகளில் ஒரே நேரத்தில் ஆடவிட்டு, நான்கே நாளில் அடங்கும்படி அட்டவணை போட்டாய்.

முதல் நாளே நான் பயிற்சி கொடுத்த நம் பையன்கள் திருநெல்வேலியைப் பதினான்குக்கு ஒன்று என்று நசுக்கினார்கள். அந்தப் பையன்களோ அடுத்தடுத்து நான்கு ஆட்டம் ஜெயித்து, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் மறுபடி நம் எதிரில் வந்து நின்றார்கள். ஐந்துக்கு நான்கு என்று நம்மை வீழ்த்தியும் விட்டார்கள்!

போட்டிக் குழுத் தலைவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் நடந்தார். நான் குறுக்கே ஓடினேன். "இது செல்லாது சார்! நாங்க ஒரு வாட்டிதான் தோத்துக்கீறோம்!"

மேசையிலிருந்து நீ என்னைப் பார்த்தாய். "இப்ப மட்டும் ரூலு இனிக்குதாடா?" என்றாய். கூனிக் குறுகிப் போனேன். ஆனால் நீ எழுந்து வந்து, "ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். இன்னொரு மேட்ச் கீது" என்றாய்.

அவர்களுக்கோ அன்று மாலையே ரயில். முடியாது என்று சொல்லியிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? அவர்கள் கேப்டன் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "வெளையாடுதோம்க்கா. ரயிலு நாளைக்கும் போகும்லா."

திங்கட்கிழமை காலை. நீ வேலைக்கு லீவு போட்டாய். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளோடு மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். கடைசி இன்னிங்ஸில் இரண்டுக்கு இரண்டு. நம் சேகர் அடித்த பந்து இரண்டு பேருக்கு நடுவே பாய்ந்தது. மூன்றாவது பேஸில் நின்ற முருகன் ஓடி வந்து, ரன் கணக்காகும் கடைசி பேஸில் புழுதியோடு சறுக்கி விழுந்தான். ஜெயித்துவிட்டோம்! செயலாளர் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று நான்கு நாளும் வாயைக் கட்டியிருந்தவள், எல்லோருக்கும் முன்னால் நீதானே கூவினாய்? கூவிய கையோடு, அழுதுகொண்டிருந்த அந்தக் கேப்டனைக் கூட்டி வந்து கோப்பையின் ஒரு காதைப் பிடிக்க வைத்தாய். இரண்டு அணிகளும் சேர்ந்தே மைதானத்தைச் சுற்றி வந்தன.

இப்போது நான்தான் செயலாளர் அக்கா. இந்த வருடம் பன்னிரண்டு அணிகள். உன் விதியை மாற்ற வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதல் முறையாகப் பெண் பிள்ளைகளுக்கும் தனியாக நடத்தினோம். ஆவடிப் பெண்கள் ஜெயித்து, மேளத்தோடு ஸ்டேஷன் வரை ஊர்வலம் போனார்கள். பிளாட்பாரத்தில் நின்ற ஜனமெல்லாம் கை தட்டியது. கேட்டதா உனக்கு?

வெள்ளானூர்ப் பெண்கள் மட்டும் வரவில்லை. நான்கு நாள் வெளியே அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். வருகிற ஞாயிறு நானே வீடு வீடாகப் போய் அவர்கள் அம்மாக்களிடம் பேசப் போகிறேன். அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகள் நம் மைதானத்தில் ஆடுவார்கள். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த தம்பி,
குமரேசன்