இரண்டு விரலுக்கு ஒரு கிளட்ச்

இன்று காலை ஒரு வண்டிக்கு கிளட்ச் ஆயில் ஊற்றும்போது கையில் சிந்திவிட்டது. சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. சோற்றில் கை வைத்தவன் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். உன் புல்லட்டோடு நாம் மல்லுக்கு நின்ற நாட்களில் என் கையில் இந்த வாடைதான் இருந்தது.

சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்திருந்த உன் வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க எந்திரத்தை இறக்கினார்கள். நீ அதன் முன்னால் போய் உட்கார்ந்தாய். தடியடியில் இடது கை எலும்பு நொறுங்கியது. கட்டுப் பிரித்தபோது சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. வேலையைத் தடுத்ததாக உன்மேலேயே வழக்கும் போட்டார்கள். ஒன்றாகப் படித்தவன் என்ற உரிமையில் நான் ஜாமீன் நின்றேன்.

புல்லட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு திருவையாற்றில் என் பட்டறைக்கு வந்தாய்.

"கிளட்ச் பிடிக்க முடியல பாய். ஏதாச்சும் பண்ணு."

கேபிளைக் கழற்றிவிட்டு, ஆயிலில் இயங்கும் கிளட்ச் வைக்கலாம் என்றேன். ஹேண்டில் பாரில் உட்கார்ந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவில்தான் எல்லாம் இருக்கிறது. கைவசம் இருந்த பதினாலு மில்லிமீட்டர் சிலிண்டரை மாட்டினேன். "கல்லு மாதிரி இருக்கு பாய்" என்றாய். பதினோரு மில்லிமீட்டர் மாட்டினேன். லீவர் வெண்ணெயாக இறங்கியது, நீ சிரித்தாய். ஆனால் கியர் போட்டதும், கிளட்ச் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் ஊர்ந்தது. சிலிண்டர் சின்னதானால் கைக்கு இலகு. தள்ளுகிற ஆயில் குறைவு, கிளட்ச் முழுசாக விடாது.

இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, நாலாம் தடவை கழற்றியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் கைய வெச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்குடா புல்லட்டு? ஸ்கூட்டி வாங்கித் தொலையேன்!"

நீ கோபப்படவில்லை. வண்டி டேங்க்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "எங்கப்பா செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, சைக்கிளத் தள்ளிக்கிட்டே போன தெருவு பாய் அது. அதுல நான் இதுல ஒக்காந்து போறேன். கோர்ட்டுக்கும் இதுலதான் போவணும்."

பக்கத்து மீன்கடையில் தொங்கிய முள் தராசை வாங்கி வந்தேன். கொக்கியை இடது கையில் மடங்குகிற இரண்டு விரலால் இழுக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து முறை இழுத்தாய். முதல் முறை முள் நின்ற இடத்தை விட்டுவிட்டுப் பத்தாவது முறை நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். கடைத்தெரு நெரிசலில் ஓட்டப்போவது அந்தக் களைத்த கைதானே. பிறகு கிளட்ச் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று அளந்து, பட்டறைச் சுவரிலேயே கணக்குப் போட்டேன். அரை இஞ்ச் சிலிண்டர், பதினொன்றுக்கும் பதினாலுக்கும் நடுவில். சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

மாட்டியதும் கடைத்தெரு வரை போய்த் திரும்பினாய். "நிக்கிது பாய்! சொன்ன எடத்துல நிக்கிது!" தெருவே திரும்பிப் பார்த்தது.

பிறகு நாலு வருஷம் வாய்தாவுக்கு வாய்தா, உன் பின்னால் உட்கார்ந்து தஞ்சாவூர் போனேன். ஆட்சி மாறியது. வழக்கு மாறவில்லை.

கார்த்திகை மழைக்குப் பிறகு, வயலில் நின்ற தண்ணீரை வடியவிடப் போனவன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாய். மாரடைப்பு என்றார்கள். நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இடது கையில் மற்ற விரல்கள் மடங்கியிருக்க, மடங்காத அந்த இரண்டு மட்டும் நீண்டிருந்தன. பட்டறையில் சொன்ன சொல்லுக்கு உன்னிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை. கிளட்ச் சரியானதும் அதுவும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாய்தாவுக்கு உன் மனைவியோடு பஸ்ஸில் போனேன். உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஜாமீன்தாரன் நான் எழுந்தேன். "காலமாயிட்டாருங்க ஐயா" என்று இறப்புச் சான்றிதழை நீட்டினேன். ஏதோ எழுதினார்கள். உன் மேலிருந்த வழக்கு அத்தோடு தீர்ந்தது. என் ஜாமீனும் தீர்ந்தது. நீ தப்புச் செய்தாயா, இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வாசலில் உன் மனைவி என் முகத்தையே பார்த்தாள். "அவங்க மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்களாண்ணே?"

"சொல்லிட்டாங்கம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்தாள். இன்றுவரை அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.