பிழையில்லாத பிரெஞ்சு

10 ஜூன் 2024

இன்று செந்தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தாள்! கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு வாரமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள். ரொட்டிக் கடையில் நிற்பதாக நினைத்துப் பேசு என்றேன். 'எனக்கு ரொட்டி வேண்டும்' என்பதற்கு 'நான் ரொட்டி' என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தப்பாகப் பேசிச் சிரிக்கிறவள் தேறிவிடுவாள். என் வகுப்பில் அதுதான் பாஸ் மார்க்.

19 ஜூன்

பாரிஸிலிருந்து அவள் கணவன் தீனதயாளன் வீடியோவில் வந்தான். கல்யாணமாகி நாலு மாதம்.

"பேச்சல்லாம் வாணாம் டீச்சர். எழுதப் படிக்க வந்தா போதும்."

"கடைக்கு, டாக்டர்கிட்ட போனா?"

"அவ ஏன் போறா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2 ஜூலை

யார் சொன்னால் என்ன, பேச்சுதான் நடத்துகிறேன். இன்று 'எனக்கு உதவி வேண்டும்.' "இது இன்னாத்துக்கு டீச்சர்?" என்றாள். சும்மா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

14 செப்டம்பர்

செல்வி விமானம் ஏறிவிட்டாள்.

6 அக்டோபர்

பாரிஸிலிருந்த செல்விக்கு ஆன்லைன் வகுப்பு. கேமராவைப் போடவில்லை. பதில் சொல்லும் முன் ஒவ்வொரு முறையும் ஏதோ நிசப்தம் — பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. அத்தோடு வகுப்பு வேண்டாமென்று அவன் மெசேஜ் அனுப்பிவிட்டான்.

20 நவம்பர்

அவள் அப்பா வீரமுத்து அண்ணன் வந்து போனை நீட்டினார். "பொண்ணு பிரெஞ்சுல பேசிக்கினு கீது, கேளுங்க."

நலமாக இருக்கிறேன், வீடு வசதி, கணவர் நல்லவர், ஒரு குறையும் இல்லை என்றாள். ஒரு தப்பில்லை, தடுமாற்றமில்லை. சாப்பிட்டாயா என்று பிரெஞ்சில் கேட்டேன். மறுபடி அதே நாலு வாக்கியம், முதலிலிருந்து. அண்ணனுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. நான் செல்வியின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

23 நவம்பர்

ஸ்விட்ச் ஆஃப்.

1 டிசம்பர்

செல்வியின் நம்பர் இன்றும் ஸ்விட்ச் ஆஃப்.

3 பிப்ரவரி 2025

நைனார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். கள்ளக்குறிச்சியில் பிரெஞ்சுக்கு என்னைத்தானே கைகாட்டுகிறார்கள். பாரிஸ் மாப்பிள்ளையாம், ஏப்ரலில் கல்யாணம். போட்டோ காட்டினார். தீனதயாளன்.

"ரெண்டாந்தாரமாங்க?"

"அய்ய, இல்லீங்க! அவருக்கு இதான் மொத கல்யாணம்."

இருவரையும் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து வீரமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பொண்ணு நல்லா கீதுங்க டீச்சர். பேசித்தான் ரெண்டு மாசமாச்சு, ஆனா நேத்துகூட மெசேஜ் வந்துது" என்றார்.

எத்தனை பேரைப் பேசவைத்திருக்கிறேன்!

"டீச்சர்? லைன்ல கீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.