பதினெட்டுத் தாவலில் உன் வாசல்

புகாரமங்கா, கொலம்பியா,
நவம்பர் 4

அன்பு மகள் நோராவுக்கு உன் அப்பா அன்செல்மோ எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகம் என்று முதல் வரி எழுதினேன், எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன், மேலே தெரியும் கிறுக்கல் அதுதான். நீ அங்கே சுகமாக இருந்தால் அதுவே போதும். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றியிருக்கும், ஆறு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் அல்லவா. கிழிப்பதென்றால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. எனக்காக வேண்டாம், உன் அம்மாவுக்காகப் படி.

உன் அம்மாவுக்கு ஆகஸ்டில் காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரல் வரை போய்விட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சு திரும்பியது, ஆனால் வாயில் ஒரு கரண்டி சூப் இறங்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எனக்கெதுக்கு, நீங்களே குடிங்க, நான் எந்திரிச்சு யாரைப் பாக்கப் போறேன் என்றாள். வருடம் ஒரு தடவை அவள் பிறந்தநாளுக்கு நீ அனுப்பும் அட்டையில் உன் பெயரும் முகவரியும் தவிர ஒரு சொல் இருப்பதில்லை, அதையே தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நோரா கடிதம் போட்டிருக்கிறாள், நம்மை அங்கே கூப்பிட்டிருக்கிறாள் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டேன். சடக்கென்று திரும்பி, எங்க, படிங்க என்றாள். அவள் மூக்குக் கண்ணாடி வீட்டில் கிடந்தது, என் சட்டைப் பையில் கரண்ட் பில் இருந்தது, அதை விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். அம்மா, உனக்காக ஜன்னல் ஓரமா ஒரு கட்டில் போட்டிருக்கேன், சீக்கிரம் வா என்று நீ எழுதியதாகப் படித்தேன். அன்று சூப்பும் குடித்தாள், பாதி அரேப்பா ரொட்டியும் தின்றாள். அன்றிலிருந்து அந்த ஜன்னலில் காலை வெயில் வருமா சாயங்கால வெயில் வருமா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறாள்.

சொல்லிவிட்டேன், இனிக் கூட்டிப்போகாமல் இருக்க முடியுமா. டாக்டரிடம் போனால் அவர் கையை விரித்துவிட்டார். ஒரே இருப்பில் நாலு மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் இந்த அம்மாவை சீட்டுல உக்கார வச்சாலும் நான் பொறுப்பில்லை, இறங்கின ஊர்ல ரெண்டு மூணு நாள் நடக்கணும், அப்புறம்தான் அடுத்த விமானம் என்று எழுதியே கொடுத்தார். பஸ் நிலையத்துக்குக் கீழே டிக்கெட் போடும் யானெத் இருக்கிறாளே, அவளிடம் அந்தத் தாளை நீட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அன்செல்மோ ஐயா, இது என்ன டவுன் பஸ்ஸா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்க, பெரியவங்களை வச்சுக்கிட்டு இப்படி உலகத்தைச் சுத்துவாங்களா என்றாள். ஏம்மா, மலைச் சாலையில முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான், வாந்தி எடுக்குற பிள்ளைக்கும் மூச்சு வாங்குற கிழவிக்கும் எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும், நீ நேரத்தை மட்டும் சொல்லு, ட்ரிப் ஷீட் நான் எழுதுறேன் என்றேன். ஏழு வாரம் தினம் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். மேற்கே போனால் சிலியிலிருந்து உன் ஊருக்கு ஒரே மூச்சில் பன்னிரண்டு மணி நேரக் கடல், நடுவில் நிறுத்த ஒரு மேடுகூடக் கிடையாது. அதனால் கிழக்கே சுற்றுகிறோம். இங்கிருந்து பொகோட்டா, பிறகு காட்டுக்குள் லெத்திசியா, அங்கே டாக்ஸியில் எல்லையைத் தாண்டி பிரேசில், மனாவ்ஸ், பெலேம், ஃபோர்தலேசா. அட்லாண்டிக்கை எப்படித் தாண்டுவது என்று எட்டு நாள் தூக்கமில்லை, நடுவில் கேப் வெர்டே என்று தீவுக் கூட்டம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு, கும்பிட்டுக்கொண்டேன். பிறகு லிஸ்பன், ரோம், இஸ்தான்புல், அம்மான், துபாய், பம்பாய், கொழும்பு, கோலாலம்பூர், பாலி, டார்வின், பிரிஸ்பேன், அதற்கப்புறம் உன் ஆக்லாந்து. மொத்தம் பதினெட்டுத் தாவல். பாதி ஊரின் பெயரை நான் இந்த வருடம்தான் கேள்விப்படுகிறேன்.

திரும்பி வருவதற்கும் இதே வழியை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், உன் அம்மா தாளைத் தூக்கி எறிந்துவிட்டாள். பெட்டி எடுத்தா சுத்தித்தான் வரணும், வந்த வழியே திரும்புனா என்ன ஆகும்னு உங்களுக்கு இன்னுமா புத்தி வரல என்றாள். அந்தப் புத்தாண்டை நீயும் மறந்திருக்க மாட்டாய். நள்ளிரவில் வழக்கம்போலப் பன்னிரண்டு திராட்சையைத் தின்றுவிட்டு, சட்டைப் பையில் பருப்பைப் போட்டுக்கொண்டு, வருஷமெல்லாம் பயணம் கிடைக்கட்டும் என்று தெருவே காலிப் பெட்டியோடு நாலு முனையும் சுற்றிவரக் கிளம்பியது. நாமும் கிளம்பினோம், பெட்டி உன் கையில் இருந்தது. இரண்டாவது முனை தாண்டியதும், நியூசிலாந்துக்கு விசா கிடைத்துவிட்டது, பிப்ரவரியில் போகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். மூன்றாவது முனையில் நான் உன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, யாரும் எங்கயும் போக வேண்டாம், போறவ இனி என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. உன் அம்மா வாயைத் திறக்காமல் என் பின்னால் வந்தாள், என்னைவிட அவள்மேல்தான் உனக்குக் கோபம் அதிகம் என்று எனக்குத் தெரியும். நீ மட்டும் வெறுங்கையோடு நாலாவது பக்கத்தையும் நடந்து முடித்து வீட்டுக்கு வந்தாய். சுற்றை முடித்தவளுக்குப் பயணம் கிடைத்தது, திரும்பிய எங்களுக்குக் கிடைத்தது இதுதான் என்று அவள் நம்புகிறாள். நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். ஆகவே திரும்பும் டிக்கெட் எதுவும் போடவில்லை. மறுபடி பதினெட்டுத் தாவலை அவள் தாங்குவாளா என்று டாக்டரைக் கேட்டேன், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இப்போது கழுத்தை நெரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மற்ற ஊர்களுக்கெல்லாம் அனுமதி வந்துவிட்டது, உன் நாட்டுக்கு மட்டும் வரவில்லை. அங்கே எங்களை யார் வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்கள், மகள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும் என்கிறார்கள். யானெத் மூன்று தடவை கேட்டுவிட்டாள், பொண்ணுகிட்ட இருந்து தாள் வந்துச்சா ஐயா என்று. தபாலில் இருக்கிறது என்று அவளிடமும் பொய் சொல்லிவிட்டேன். அந்தத் தாள் இல்லாவிட்டால் பதினேழு தாவலோடு பிரிஸ்பேனில் நின்றுவிடுவோம்.

நேற்று உன் அம்மாவுக்குப் புது உறை வாங்கி வந்தேன், கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை. அதை வைக்கப் பெட்டியைத் திறந்தால் அடியில் அவளுடைய ஜெபப் புத்தகம், அதற்குள் நாலாக மடித்து அந்தக் கரண்ட் பில். கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல அதை எடுத்து விரித்தேன். அவள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அன்னிக்கே தெரியும், கடிதம் எழுதுற பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் நடுவுல இவ்வளவு நேரம் யோசிக்குமா, நீங்கதான் யோசிச்சீங்க என்றாள். பிறகு ஏன் வருகிறாய் என்று கேட்டேன், சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவ கூப்பிட மாட்டா, அன்னிக்கு நான் வாயைத் திறக்கலயே, இப்ப திறக்கத்தான் போறேன் என்றாள். பிறகு, நாலாவது பக்கத்தை அவ எப்பவோ நடந்துட்டா, அந்தப் பன்னிரண்டு மணி நேரக் கடலும் அவ தாண்டுன பக்கம்தான், நமக்கு மிச்சம் மூணு பக்கம்தாங்க என்று சொல்லிவிட்டு பில்லை வாங்கி மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஜனவரி ஏழாம் தேதி கிளம்புகிறோம். மார்ச் மூன்றாம் தேதி பிற்பகல் உன் ஊரில் இறங்க வேண்டும். உன் தாள் வந்தாலும் கிளம்புவோம், வராவிட்டாலும் கிளம்புவோம், பிரிஸ்பேனில் உட்கார்ந்து காத்திருப்போம், இந்தத் தடவை நான் திரும்பி நடக்க மாட்டேன். என்னை மன்னிக்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம், நான் வெளியே தெருவில்கூட நிற்கிறேன், அவளை மட்டும் உள்ளே கூப்பிடு. கெஞ்சிக் கேட்கிறேன் மகளே. கொண்டுவருவது அதே பழைய பழுப்புப் பெட்டி. மூன்றாவது முனையில் உன் கையிலிருந்து பிடுங்கியதை, அம்மாவின் கணக்கில் மூன்றாவது முனையான உன் வாசலிலேயே உன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அங்கே காற்று பலமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். தாளில் அம்மாவின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எர்சிலியா பாபோன் ரூயேதா என்று முழுதாக எழுது, ஓர் எழுத்து விட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். என் பெயரை எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

உன் அப்பா,
அன்செல்மோ

பி.கு. அந்த ஜன்னலில் எப்போது வெயில் வரும் என்று மட்டும் ஒரு வரி எழுது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.