கச்சேரிக்குப் போன உன் கொட்டில் கதவு

அன்பையும் எரிச்சலையும் ஒன்றாகவே என்னிடம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த என் மச்சான் ஹனீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கிற மையவாடிப் பக்கம் போகும்போதெல்லாம் மதிலோரம் நின்று உனக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இந்த முறை அது மட்டும் போதவில்லை. சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளமானது, அதனால் எழுதுகிறேன். ஊரும் இதை வாசிக்கும். வாசிக்கட்டும், இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உன் வெங்காயக் கொட்டிலின் கதவு புத்தளம் கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, போய் வந்தது. ஓம், கதவேதான். லொறியில் படுக்கவைத்து, மேலே படங்கு போட்டு மூடி, கயிறு கட்டிக் கொண்டுபோனோம். விவசாயத்தையும் ஏற்றுமதியையும் விளைபொருள் விலையையும் பார்க்கிற பாராளுமன்ற மேற்பார்வைக் குழு எங்கள் மாவட்டத்துக்கு வந்திருந்தது. விவசாயிகளிடம் நேரில் கேட்க வேண்டுமாம். எங்கள் விவசாயிகள் சங்கத்தின் சார்பில் பேச என்னைத் தெரிவு செய்தார்கள்.

அன்றைக்கு எனக்கு நெஞ்சு ஒரு சாண் அகலமானது, மச்சான். ஆயுளில் ஒரு தடவையாவது உன்னை முந்திவிட்டேன் என்று நினைத்தேன். சங்கக் கூட்டம் முடிவதற்குள் அந்தச் சந்தோசமும் போய்விட்டது. "ஜவ்பர் நானா, வெறும் வாயால பேசினா எழுதிக்கொள்ள மாட்டாங்க. ஹனீபாட கதவக் கொண்டு போங்க" என்றான் ஒருவன். முழுச் சபையும் தலையாட்டியது. நீ மவுத்தாகி இரண்டு வருடம். அப்படியிருந்தும் என் பேச்சுக்கு உன் கதவு தேவைப்படுகிறது என்றால் எனக்கு எரியாதா?

வாசிக்கிறவர்களுக்காக அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடைந்த வள்ளம் ஒன்றின் பலகையில் நீயே செய்த கதவு அது. அதன் உட்பக்கத்தில், வள்ளத்துக்கு இலக்கம் எழுதும் கறுப்புப் பெயின்றால், ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு வரி எழுதுவாய். வெங்காயத் தாள் பழுத்து விழுந்து பிடுங்கப் பதமானது எந்த நாள், வெளிநாட்டு வெங்காயம் கற்பிட்டிக் கடைகளுக்கு வந்தது எந்த நாள், அதற்கு இறக்குமதி வரி கூட்டியதாக அரச வர்த்தமானி வந்தது எந்த நாள். அவ்வளவுதான். மேலிருந்து கீழ்வரை வாசித்தால் எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கும். எங்கள் தாள் விழும், கப்பல் வரும், எங்கள் விலை விழும், கொட்டில்கள் காலியாகும், அதற்குப் பிறகுதான் வரி வரும்.

வெளிநாட்டு வெங்காயத்துக்கு வரியைக் கூட்டினால்தான் எங்களுடையது விலை போகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கூட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் விற்க எங்களிடம் ஒன்றும் இல்லாத மாதத்தில் கூட்டுகிறார்கள். நான் இதைத் தேநீர்க் கடையில் கத்திச் சொல்வேன். நீ பேசாமல் கதவில் எழுதுவாய். என்னத்துக்கு இந்த வேலை என்று கேட்டால், "ஒரு நாளைக்கி யாராவது வந்து கேப்பாங்க மச்சான்" என்பாய். நீ இருக்கும்வரை யாரும் கேட்கவில்லை.

சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன். அந்தக் கதவில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது.

எனக்கு உன்மேல் எப்போதிருந்து பொறாமை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. என் தங்கச்சி ஜெசீமாவை உனக்குக் கட்டிவைத்த நாளில் இருந்துதான் என்று வைத்துக்கொள். என் சொந்த வாப்பாவே மருந்து அடிப்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்பார். வியாபாரியின் லொறி என் வாசல் படலையைத் தாண்டிப் போய் உன் படலையில்தான் ஹோர்ன் அடிக்கும். இருவருக்கும் ஒரே மணல், ஒரே தண்ணீர், நடுவில் ஒரு முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கத்து வெங்காயம் மட்டும் எப்படி மினுங்கியது? இரவில் நீ ஏதாவது ஓதி ஊதுகிறாயா என்றுகூட யோசித்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அந்த ஏற்றுமதி முதலாளி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மாலைதீவுக்கு ஒரு கொண்டெய்னர் சின்ன வெங்காயம் வேண்டும் என்று வந்தார். நேரே உன் கொட்டிலுக்குத்தான் போனார். நான் வேலியோரம் தண்ணீர்க் குழாயைத் திருத்துவதுபோல் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பத்து நாள் பொறுங்க முதலாளி. தாள் விழட்டும்" என்றாய் நீ.

"கப்பல் பொறுக்காதே" என்றார் அவர்.

"அப்ப என்னால ஏலாது."

அவ்வளவுதான், எழும்பிவிட்டார். அவருடைய வாகனம் வீதிக்கு ஏறுமுன் நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கண்ணாடியில் தட்டி, "முதலாளி, என்ட தோட்டத்தில இப்பவே பிடுங்கித் தாறன்" என்றேன். அந்த லாபத்தைவிட, அவர் உன்னிடம் கேட்டுக் கிடைக்காததை நான் கொடுத்தேன் என்று ஊர் பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை. என் பேச்சைக் கேட்டு இன்னும் ஏழெட்டுப் பேர் பிடுங்கினார்கள். தாள் பச்சையாக நின்றது, கழுத்து காயவில்லை, வயலில் பரப்பி ஆறவிடவும் நேரமில்லை. அப்படியே சாக்கில் கட்டினோம்.

மாலைதீவில் கொண்டெய்னரைத் திறந்தபோது நாறியதாம். அதற்குப் பிறகு எந்த ஏற்றுமதிக்காரரும் எங்கள் பக்கம் வரவில்லை. கற்பிட்டி வெங்காயத்தில் ஈரம், வைத்திருக்க ஏலாது என்ற கதை கொழும்புக் காரியாலயங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர் என்னைக் கேட்டது. நான் மழை என்று சொல்லிவிட்டேன். பிடுங்கிய அன்று ஊர் தூங்கின பிறகு எதிர்பாராமல் மழை பெய்தது, மணல் விடியுமுன் காய்ந்துவிட்டது, நான் என்ன செய்ய? எல்லோரும் நம்பினார்கள். நீ பக்கத்தில்தான் நின்றாய், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கதவில் மட்டும் எழுதிவிட்டாய்.

கச்சேரிக்குப் போவதற்கு முந்திய நாள் அஸர் தொழுதுவிட்டு, கதவைக் கழற்றப் போனேன். ஜெசீமா வாசலில் நின்றாள்.

"கழட்டிட்டுப் போங்க நானா. அவர் எழுதினதில ஒரு சொல்லும் அழியப்படாது" என்றாள்.

அழிக்கவில்லை. வள்ளப் பெயின்ற் அவ்வளவு லேசில் அழியாது என்பது வேறு விசயம். கோதுமை மாவில் பசை காய்ச்சி, விதைக் கடைக் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, என்னைப் பற்றிய அந்த வரிக்கு மேல் ஒட்டிவிட்டேன். தக்காளிப் படம் போட்ட தாள். கதவின் நடுவில் தக்காளி சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. உன் கெட்டித்தனத்தை எல்லாம் சபைக்குக் காட்டலாம், என் மடைத்தனம் மட்டும் தக்காளிக்குக் கீழே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

கச்சேரி வாசலில் பொலிஸ்காரர் படங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். சாட்சி என்றேன். கதவா என்று இரண்டு தரம் கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். மண்டபத்தில் இரண்டு கதிரைகளில் சாய்த்து வைத்தோம். குழுத் தலைவர் ஒரு பெண்மணி. தன் இருக்கையை விட்டு எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, மொழிபெயர்ப்பாளரை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். மற்ற உறுப்பினர்களும் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். என் பெயரை யாரும் கேட்கவில்லை. "இதை எழுதியவர் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். மவுத்தாகிவிட்டார் என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்காகவும் எனக்கு உன்மேல் பொறாமை வந்தது.

பிறகு கொழும்பிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி எழும்பினார். இறக்குமதி வரி பிந்துவது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது என்றார். இந்தக் கரையோர மணலில் விளைகிற வெங்காயம் இயல்பிலேயே ஈரமானது, மாதக் கணக்கில் வைத்திருக்க முடியாது, அதை நம்பி இறக்குமதியை நிறுத்தினால் சந்தை காய்ந்துபோகும் என்றார். அதற்கு அத்தாட்சி மாலைதீவில் அழுகிய கொண்டெய்னர்தானாம்.

தலைவர் என்னைப் பார்த்தார். "இதற்கு உங்கள் பதில் என்ன?"

பின்னாலிருந்து எங்கள் ஆட்கள், "மழை, மழையச் சொல்லுங்க" என்று குசுகுசுத்தார்கள். நானும் அதையேதான் சொன்னேன். அதிகாரி மழைவீழ்ச்சிப் பதிவுக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த மாதம் கற்பிட்டியில் ஒரு துளி மழைகூட இல்லை.

மச்சான், அந்த இடத்தில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? நீ அந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டாய், அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம். நான் பேசாமல் நின்றால் மண்தான் குற்றவாளி. கப்பல் இனியும் எங்கள் தாள் விழும் நாளில்தான் வரும், ஊர் முழுக்க நட்டப்படும். பேசினால் நான் குற்றவாளி. ஜெசீமாவின் முகம் வேறு வந்து நின்றது.

நான் கதவுக்குக் கிட்டப் போய் நகத்தால் கலண்டரைச் சுரண்டினேன். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. தக்காளி பாதி பாதியாகக் கிழிந்து வந்தது. எழுத்துத் தெரிந்ததும், "இதையும் வாசிங்க தம்பி" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்.

அவர் முதலில் தமிழில் உரக்க வாசித்தார். "தாள் இன்னும் பச்சை. மழை இல்லை. மச்சான் பச்சையில் பிடுங்கிட்டான். நான் பிடுங்கல்ல. என்ட வெங்காயம் அடுத்த நடுகை வரைக்கும் கெடாமக் கிடந்திச்சு." பிறகு சிங்களத்தில் சொன்னார்.

"யார் இந்த மச்சான்?" என்று தலைவர் கேட்டார்.

"நான்தான் மேடம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "இரண்டும் ஒரே மண்தானா?"

"நடுவில ஒரு கம்பி வேலிதான் மேடம். மண்ணில பிழை இல்ல. அவசரப்பட்டது நான்."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். அதிகாரி மழைக் காகிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். அதற்குப் பிறகு குழு பேசியதெல்லாம் வேறு கதை. வரியைப் பற்றிய முடிவை அறுவடைக்கு முன்னாலேயே தங்களிடம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். வெங்காயம் காயவைக்க எங்களுக்கு ஒரு பொதுக் கொட்டில் வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டார்கள். நடக்குமா? எனக்குத் தெரியாது. அறிக்கை எங்கள் சங்கத்துக்கு வந்தது. அதில் உன் பெயர் முழுதாக இருக்கிறது, காலஞ்சென்ற ஹனீபா அவர்களின் கொட்டில் கதவு என்று. நான் அதில் "ஒரு விவசாயி". மூன்று தரம் தேடிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

திரும்பிவந்து கதவைப் பழைய பிணைச்சலில் மாட்டும்போது ஜெசீமா கிழிந்த தக்காளியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் நானா. அந்தக் கதவத் தினம் தொறந்து மூடினவ நான்தானே."

"அப்ப ஏன் நீ ஒரு நாளும் கேக்கல்ல?"

"மச்சான்ட மானம், நமக்குள்ள கிடக்கட்டும் எண்டு அவர் சொன்னாரு."

அதைக் கேட்டு நான் அழுதேன் என்றுதான் நீ நினைப்பாய். அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம். என்னைக் காட்டிக்கொடுக்காத நல்லவன் என்ற பெயரையும் நீயே எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எனக்கென்று ஒன்றையாவது விட்டுவைத்தாயா?

ஊர் என்னோடு ஒரு கிழமை சரியாகப் பேசவில்லை. அன்று என் பேச்சைக் கேட்டுப் பிடுங்கியவர்களில் இருவர் இன்னும் பேசுவதில்லை. அது என் பாடு. பேசுகிறவர்கள் உன் கதவைப் பார்க்க வருகிறார்கள்.

இந்தப் போகத்துத் தாள் இப்போதுதான் நுனி பழுத்து வருகிறது. நேற்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு வாகனம் வந்து நின்றது. ஒரு புது ஏற்றுமதிக்காரர், கச்சேரிக் கதையைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். உன் படலைக்குப் போகாமல் என் படலையில்தான் ஹோர்ன் அடித்தார், மச்சான்! எத்தனை வருடம் நான் காத்திருந்த சத்தம் அது. கதிரை போட்டேன், பிளேன்டீ கொடுத்தேன். இந்தக் கிழமையே வேண்டும் என்றார்.

"பத்து நாள் பொறுங்க முதலாளி. தாள் விழட்டும்" என்றேன்.

உன் சொற்கள்தான். வேறு நல்ல சொற்கள் எனக்கு வரவில்லை. அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினார். வாகனம் வீதிக்கு ஏறும்வரை நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவனாவது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுகிறானா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லோரும் அவரவர் தோட்டத்தில் நின்றார்கள். யாரும் ஓடவில்லை.

ஜெசீமா பெயின்ற் பேணியையும் உன் தூரிகையையும் எடுத்து வைத்திருக்கிறாள். கதவின் அடியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. தாள் விழும் நாளை நான் எழுதுவேன், கப்பல் வரும் நாளையும் வரி வரும் நாளையும் எழுதுவேன். பிழை செய்தால் அதையும் என் கையாலேயே எழுதுவேன், மேலே தக்காளி ஒட்டமாட்டேன். என் எழுத்து உன்னுடையதைப்போல் அழகாக வராது. அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

இப்படிக்கு,
ஜெசீமாவின் நானா,
பச்சையில் பிடுங்கின உன் மச்சான்
ஜவ்பர்