வெளிக்கிட்டவர்

மாசி 3, வியாழன். கொழும்பு.

விடிந்ததிலிருந்து புழுக்கம். எங்கள் ஊர் வெண்ணந்தூர் வெயில் சுடும். இது அவிக்கிறது. கடலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ரயில் தண்டவாளம் மட்டும்.

வந்து ஒரு வாரம் இருக்கும். ஒரே மகன் நாச்சிமுத்து இங்கே துணிக்கடையில் வேலை. "அப்பா போனதிலிருந்து ஒரே எடத்துல உக்காந்திருக்கறீங்க. வந்து கொஞ்ச நாள் இருங்கம்மா. கடக்காத்துப் பட்டாத் தேவலைங்க" என்று அழைத்து வந்தான். வரமாட்டேன் என்று சொல்ல வாய் எழவில்லை. அதனால் வந்தேன்.

கப்பலேறும் முன்பே ஒன்று சொல்லிவிட்டேன். கார்த்திகையில் அப்பன் செத்ததற்கு வராத கதையை என்னிடம் எடுக்கக் கூடாது. எடுத்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு.

தந்தி கொடுத்தும் வரவில்லை. கருமாதிக்கு முந்தின நாள் வந்து நின்றான். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுச் சென்னியப்பன். பெற்ற மகன் இருக்கப் பங்காளி கொள்ளி.

கடல் பார்த்தேன். பெரிய தண்ணீர். ஒரு காட்டுக்கும் பாயாது.

மாசி 4

இங்கே எதிலும் தேங்காய்ப்பால். குழம்பில், கீரையில், இடியாப்பத்துக்கு ஊற்றுகிற சொதியில். அந்த வாசத்துக்கே வயிறு நிறைந்துவிடுகிறது.

மருமகள் புவனம். யாழ்ப்பாணத்துப் பெண். இவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது. கல்யாணம் முடிந்து சேதி வந்தது எங்களுக்கு. அது ஒரு ஆவணி. இவன் அப்பா அன்றைக்கு ஏற்றம் கட்டப் போகவில்லை. மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

என்னை மாமி என்கிறாள். வாய் நிறைய அத்தை என்று கூப்பிட ஆகாதா? பேசுவது தமிழ்தான். பாதி பிடிபடுகிறது. நான் பேசினால் அவளும் முழிக்கிறாள். "ஊடு கூட்டோணும், சீமாறு எங்க?" என்று துடைப்பத்தைக் கேட்டேன். விளக்கு எடுத்து வந்து கொடுத்தாள்.

மாசி 5, சனி

பேரனுக்கு முடி கண்ணை மறைக்கிறது. அம்மாக்காரி சிவப்பு நாடா போட்டுக் கட்டிவிடுகிறாள். பெண்பிள்ளை மாதிரி.

எதற்கு அழைத்து வந்தான் என்பது இன்றைக்குத் தெரிந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து எதிரே உட்கார்ந்தான்.

"பயலுக்கு மொத முடி நம்ம கோயில்ல எறக்கோணுங்கம்மா. வேத்துச் சனத்துப் பொண்ணு பெத்த புள்ளைக்கு இங்க எடமில்லீன்னு சென்னியப்பண்ணன் சொல்லிப்போட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா பங்காளிக யாரும் மறுக்கமாட்டாங்க."

"அப்பனுக்குக் கொள்ளி வெக்காதவன் மகனுக்குக் கோயில் எதுக்கு?"

எழுந்து போய்விட்டான். குடையை மறந்துவிட்டான். நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அப்புறம் இவள் வந்தாள். தேங்காய்ப்பால் பிழிந்த கை, பிசுபிசு என்று.

"மாமி, அவரிலை கோவியாதேங்கோ. தந்தி வந்த உடனை அவர் வெளிக்கிட்டவர்…"

"போதும், நிறுத்து" என்றேன். சொம்பை நான் வைத்த வேகத்தில் தண்ணீர் சிந்திற்று. அவள் துணி எடுத்துத் துடைத்தாள்.

அப்பன் செத்த சேதி வந்ததும் இவனுக்கு வெளிக்குப் போயிற்றாம். வயிறு கெட்டுப் போய் வரவில்லையாம். காரணம் சொல்ல வேறு கிடைக்கவில்லையா? அதையும் அடுப்படியில் நின்று, கூச்சமில்லாமல்.

இதையும் மறக்கமாட்டேன்.

மாசி 6

வேப்பங்காற்று இல்லை. சும்மா ஈரக்காற்று. சேலை காய்வதே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி வந்த அன்றைக்கு மாமியார் ஆறின களி போட்டாள். நாத்தனார் என் காதுத் தண்டட்டியைப் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கி, ஒன்றை நசுக்கிக் கொடுத்தாள். சென்னியப்பன் அப்பன் வரப்பை எங்கள் பக்கம் அரை முழம் தள்ளினான், அது ஒரு புரட்டாசி. எல்லாம் இருக்கிறது. சாகுமுன் அவர் கடைசியாக என்ன பேசினார் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் கேட்டாரா, கன்று கட்டியாயிற்றா என்று கேட்டாரா.

காலையில் உட்கார்ந்த நாற்காலி. விளக்கு வைத்தார்கள். அதே நாற்காலி.

மாசி 7

நேற்று மாதிரி.

பக்கத்து வீட்டு அம்மாள் மாம்பழம் கொடுத்தனுப்பினாள். தின்றேன். இனிப்பா என்று பேரன் கேட்டான். தெரியவில்லை.

நாச்சிமுத்து என் முகத்தைப் பார்க்காமல் "வாரனுங்க" என்று கடைக்குப் போகிறான். அந்த மட்டும் பழக்கம் விடவில்லை.

மாசி 9, புதன்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பொழுது இறங்கும் நேரம். புவனம் நல்ல சேலை கட்டி, பேரனுக்குச் சட்டை மாட்டி, என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, வெளிக்கிடுங்கோ."

"எனக்குக் காலைலயே ஆச்சு."

"இல்லை மாமி, இப்ப வெளிக்கிடுங்கோ. நேரம் போகுது."

"வராம எப்படிப் போறது? இதென்ன, நீ சொன்னா வருமா?"

அவள் முழித்தாள். பேரனும் முழித்தான். பக்கத்து வீட்டு அம்மாள் இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவள். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, அவ கடற்கரைக்குப் போகக் கூப்பிடுறா அம்மா. வெளிக்கிடுறதெண்டால் புறப்படுறது. நீங்கள் நினைக்கிறது இல்லை."

புவனத்துக்கும் விளங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். வரவில்லை.

"அன்னைக்குச் சொன்னியே, தந்தி வந்ததும் அவன் வெளிக்கிட்டான்னு?"

"ஓம் மாமி. உடுத்த வேட்டியோடை ஓடினவர். தலைமன்னாரிலை புயல். கப்பல் விடேல்லை. அக்கரையிலை தண்டவாளத்தையும் கடல் கொண்டு போச்சுதாம். கப்பல் ஏறுற பாலத்திலையே கிடந்தவர். இனி கொள்ளி வைச்சிருப்பினம் எண்டு தெரிஞ்சதும், அங்கையே மொட்டை அடிச்சு, அந்த மழைக்குள்ளை கடலிலை முழுகினவர். கண்ட ஆக்கள் வந்து சொன்னவை. எனக்கும் அவர் ஒண்டும் சொல்லேல்லை."

கருமாதிக்கு வந்தபோது அவன் தலையில் முடி குச்சி குச்சியாக நின்றது. "பாருங்க சின்னம்மா, கொளும்புக் கிராப்பு. எளவு வூட்டுக்கு வர்ற கோலத்தைப் பாருங்க" என்று சென்னியப்பன் என் காதில் சொன்னான். நானும் பார்த்தேன். கிராப்பாகத்தான் தெரிந்தது. அவன் வாயைத் திறக்கப் போனான். "பேசாத" என்றேன்.

கடற்கரைக்குப் போகவில்லை. இவர்களும் போகவில்லை. பேரன் மட்டும் கொஞ்ச நேரம் அழுதான்.

மாசி 10

தூறல். குளிர்ச்சி இல்லை.

நாச்சிமுத்து கடைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டேன்.

"பங்குனில மூணு பேரும் ஊருக்கு வாங்க. பயலுக்கு நம்ம கோயில்லதான் முடி எறக்கறது. அதுவரைக்கும் கத்தி படக்கூடாது."

"சென்னியப்பண்ணன் மறிப்பாருங்கம்மா."

"வெள்ளைச் சேலைக்காரி கோயிலுக்குள்ள முன்னால நிக்கக்கூடாதும்பாங்க. நான் உள்ள வர்லை. வாசல்ல நிக்கறேன். மறிக்கறவன் மொதல்ல என்னைத் தாண்டோணும். கிராப்பைப் பத்தி அவனை ஒண்ணு கேக்கோணும்."

"அம்மா, உங்களுக்கு யாரு…"

"உம் பொண்டாட்டி. உனக்கென்ன வாயில புண்ணா? நான் பேசாதன்னா பேசாம இருந்துக்குவியா?"

அன்றைக்கு அவன் வாயை அடைத்தது நான்தான், அது வேறு வருத்தம். அது என்னோடுதான் இருக்கும்.

செருப்பை மாட்டியவன் மாட்டினபடியே கீழே உட்கார்ந்துவிட்டான். ஆம்பிளை இப்படி அழுது நான் பார்த்ததில்லை. பேரன் பயந்துபோய் என் காலைக் கட்டிக்கொண்டான்.

புவனம் ஓடி வந்தாள். "என்ன மாமி? என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல சாமி. அவங்கப்பனுக்கு இப்பத்தான் அழுவறான்."

எனக்கு இன்னும் வரவில்லை.